துறவிகள் குடிக்காத துறவிப் பீர்

பெல்ஜியத்தின் தென்பகுதியில், ஆர்தென் காட்டுமலைகளையொட்டி, ரோஷ்ஃபோர் என்றொரு சிற்றூர். ஊருக்கு வெளியே சேன் ரெமி மடம். அங்கே காய்ச்சப்படும் கருநிறப் பீர்கள் மூன்றுக்கும் தனிப்பெயர் கிடையாது. 6, 8, 10 என்று எண்கள்தான். ஆறுக்குச் சிவப்பு மூடி, எட்டுக்குப் பச்சை, பத்துக்கு நீலம். பத்தாம் எண் பாட்டில் கைக்கு அடக்கமானது, 33 சென்டிலிட்டர். உள்ளே இருக்கும் ஆல்கஹால் 11.3 சதவீதம். சாதாரண லாகர் பீரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கிட்டத்தட்ட ஒயினின் அளவு. இதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மடமடவென்று குடித்து முடிப்பவர் காசையும் மாலைப்பொழுதையும் ஒருசேர வீணாக்குகிறார்.

அந்தப் பத்து எதைக் குறிக்கிறது? ஆல்கஹால் அளவு என்று நினைப்பவர்கள் உண்டு. பத்தாண்டுப் பழமை என்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. நொதிக்கத் தொடங்குவதற்கு முன் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் சாறு எவ்வளவு கனமாக இருந்தது என்பதன் கணக்கு அது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1000 கிராம். மால்ட்டின் இனிப்பும் சேர்த்த சர்க்கரையும் கரைந்த சாறு லிட்டருக்கு 1100 கிராம் நின்றால், பழைய பெல்ஜிய வழக்கில் அது பத்து டிகிரி. அளவுகோல் வழக்கொழிந்துவிட்டது, எண் மட்டும் பாட்டிலில் தங்கிவிட்டது. அதனால் வேடிக்கையான குழப்பங்களும் உண்டு. வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடத்தின் புகழ்பெற்ற ‘12’-இல் ஆல்கஹால் 10.2 சதவீதம்தான். பன்னிரண்டைவிடப் பத்துக்கு வீரியம் அதிகம்.

இந்த வகைப் பீரைப் பற்றி எழுதுபவர்கள் எடுத்த எடுப்பிலேயே இடைக்காலத்துக்குப் போய்விடுவார்கள். கல் மண்டபம், லத்தீன் செபம், தலைமுறை தலைமுறையாகக் காத்த ரகசியக் குறிப்பு என்று ஒரு சித்திரம் தயாராக இருக்கிறது. விற்பனைக்கு மிகவும் உதவும் சித்திரம். கோப்பையில் இருப்பதை அது விளக்குவதில்லை. ஆவணங்களைப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. அடர்ந்த, கருநிற, வீரியமான இந்த மடத்துப் பீர் இருபதாம் நூற்றாண்டின் பிள்ளை. சர்க்கரை ஆலையும், ஒரு மதுவிலக்குச் சட்டமும், நுண்ணுயிரியல் படித்த ஒரு பேராசிரியரும் சேர்ந்து உருவாக்கியது.

ரோஷ்ஃபோர் மடத்தின் வரலாறு பழையதுதான். 1230-இல் கன்னியர் மடமாகத் தொடங்கி, 1464-இல் ஆண் துறவியர் கைக்கு வந்தது. அங்கே பீர் காய்ச்சியதற்கு 1595-ஆம் ஆண்டுப் பதிவு உண்டு. லேபிளில் காட்டப்படும் பெருமை அதுதான். ஆனால் பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் வந்தபின் மடம் மூடப்பட்டது, சொத்துகள் விற்கப்பட்டன, கட்டடங்கள் இடிந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அங்கே துறவி என்று ஒருவரும் இல்லை. 1887-இல் ஆகெல் மடத்திலிருந்து சிலர் வந்து மறுபடியும் குடியேறினார்கள். 1899-இல் மீண்டும் அடுப்பு மூட்டினார்கள். 1595-க்கும் 1899-க்கும் இடையே இடத்தின் பெயர் தொடர்ந்தது. காய்ச்சும் முறை தொடர்ந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நீல மூடிப் பத்தோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. நம் தாத்தாக்களுக்கு இளையது.

மற்ற மடங்களும் அப்படித்தான். வெஸ்ட்மால்லேயில் முதல் பீர் 1836-இல். வெஸ்ட்ஃப்ளெட்டரனில் மடமே 1831-இல்தான் வந்தது. ஷிமே பீரைக் காய்ச்சும் ஸ்கூர்மோன் மடம் 1850-ஐச் சேர்ந்தது. பிரான்சின் நார்மண்டியில் லா டிராப் மடத்தை 1664 முதல் கடுமையாகச் சீர்திருத்திய துறவி ரான்சேயின் வழிவந்தவர்கள் இவர்கள். அந்த மடத்தின் பெயரே டிராப்பிஸ்ட் என்று இவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. புரட்சிக்கு அஞ்சி பிரான்சைவிட்டு வெளியேறியவர்களின் கிளைகள் பெல்ஜியத்தில் வேர்விட்டன. உழைத்துப் பிழைக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் வகுத்த மடத்து விதிகளில், சொந்தக் கைகளின் உழைப்பில் வாழ்பவரே உண்மைத் துறவி என்ற கருத்து இருக்கிறது. பாலாடைக்கட்டியும் பீரும் அந்த விதிக்கு அவர்கள் கண்ட பதில். முதலில் தங்கள் சாப்பாட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும், பிறகு ஊருக்கு.

வீரியம் கூடியதற்குக் காரணம் மடத்துக்கு வெளியே இருந்தது. 1919 ஆகஸ்டில் பெல்ஜிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சோசலிசக் கட்சித் தலைவரும் நீதி அமைச்சருமான எமில் வாண்டர்வெல்டே கொண்டுவந்தது. மதுக்கடைகளில் ஜின் போன்ற கடும் மதுவை ஊற்றிக் கொடுக்கக் கூடாது. கடையில் வாங்குவதானால் குறைந்தது இரண்டு லிட்டர் மொத்தமாக வாங்க வேண்டும். வாரக்கூலி வாங்கும் தொழிலாளிக்கு இரண்டு லிட்டர் வாங்கப் பணம் ஏது? சட்டத்தின் நோக்கமே அதுதான். ஆனால் வீரியமான பானத்தில் இருந்த ஆசை சட்டத்தால் போய்விடுமா? அந்தக் காலியிடத்தில் வீரிய பீர் நுழைந்தது என்று பெல்ஜிய மது வரலாற்றை எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். தேதிகளும் அதற்கு ஒத்துவருகின்றன. வெஸ்ட்மால்லே ‘டப்பெல்’ என்ற தன் கருநிறப் பீரைத் திருத்தி வீரியம் கூட்டியது 1926-இல்; ‘டிரிப்பெல்’ என்ற வெளிர்நிறப் பீர் வந்தது 1934-இல். அந்தச் சட்டம் 1983 வரை நீக்கப்படவில்லை. மதுவைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டத்தின் நிழலில் உலகின் மிக வீரியமான பீர்களில் சில வளர்ந்தன. மதுவிலக்கைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அடுத்த மாற்றம் ஷிமேயில் நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஸ்கூர்மோன் மடத்தின் பீர்ச்சாலையைப் புதுப்பிக்கும் பொறுப்பை அருட்தந்தை தியோடோர் ஏற்றார். அவருக்குத் துணையாக வந்தவர் ழான் டி கிளெர்க். லூவன் பல்கலைக்கழகத்தில் பீர் தொழில்நுட்பம் கற்பித்த பேராசிரியர், காய்ச்சுபவர்கள் நெடுங்காலம் பாடநூலாக வைத்திருந்த நூலை எழுதியவர். மடத்தின் பழைய ஈஸ்ட்டில் பல ரகங்கள் கலந்துகிடந்தன. எந்தக் கொப்பரையில் எது மேலோங்கும் என்று சொல்ல முடியாது. தியோடோர் அவற்றைப் பிரித்து, வளர்த்து, ருசிபார்த்து, ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். 1948-இல் அந்த ஈஸ்ட்டைக் கொண்டு கிறிஸ்துமஸுக்காகக் காய்ச்சிய கருநிறப் பீர்தான் இன்று ‘ஷிமே நீலம்’ என்று உலகெங்கும் விற்கிறது. டி கிளெர்க் ரோஷ்ஃபோருக்கும் ஆலோசனை சொன்னவர். 1978-இல் இறந்த அவரை ஸ்கூர்மோன் மடத்திலேயே அடக்கம் செய்தார்கள். துறவியல்லாத ஒருவருக்கு மடம் செய்த அந்த மரியாதை, இந்தப் பீரின் மூலவர் யார் என்பதை லேபிளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

சரி, துறவிகள் இதைக் குடிக்கிறார்களா? விசேஷ நாளில் சிறிது இருக்கலாம். அன்றாடச் சாப்பாட்டு மேசையில் இருப்பது வேறு பீர். ஷிமே மடத்தில் அது 4.8 சதவீதமுள்ள, வெளிர்நிறமான ‘டோரே’. நெடுங்காலம் மடத்துக்கும் அதன் விடுதிக்கும் வெளியே அது விற்கப்படவே இல்லை. வெஸ்ட்மால்லேயில் ‘எக்ஸ்ட்ரா’ என்ற மென்மையான பீர் அந்த இடத்தில் இருக்கிறது. அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே செபத்துக்கு எழுகிறவருக்கு 11 சதவீதப் பீர் ஒத்துவருமா? ஆசீர்வாதப்பரின் விதிகளிலும் மதுவைப் பற்றி ஒரு தயக்கம் தெரிகிறது. துறவிக்கு மது பொருந்தாதுதான், இந்தக் காலத்துத் துறவிகளை அதை நம்பவைக்க முடியவில்லை, ஆகவே அளவோடு இருக்கட்டும் என்ற தொனியில் நாளுக்கு ஒரு ‘ஹெமினா’ அளவு ஒயினை அனுமதிக்கிறார். ஆக, நாம் துறவியின் பானம் என்று பயபக்தியோடு ஏந்தும் கோப்பை, துறவி நமக்கு விற்கும் பானம்.

இனி அண்டாவுக்குள் பார்ப்போம்.

கருநிறம் என்றதும் கருக வறுத்த தானியம் என்று நினைக்கத் தோன்றும். அயர்லாந்தின் ஸ்டவுட் அப்படித்தான். இங்கே கதை வேறு. வெஸ்ட்ஃப்ளெட்டரனில் பயன்படும் மால்ட் வெளிர்நிறமானது. நிறம் முழுவதும் சர்க்கரையிலிருந்து வருகிறது. ரோஷ்ஃபோரில் கேரமல் மால்ட் உண்டு, கோதுமை மாவுச்சத்தும் உண்டு. அங்கும் கருஞ்சர்க்கரை முக்கியம். பெல்ஜியம் பீட்ரூட் சர்க்கரையின் நாடு. அந்தச் சர்க்கரையைப் பாகாக்கி, திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கருக்கினால் பேரீச்சை, உலர்திராட்சை, கருகிய மிட்டாய் என்று அடுக்கடுக்காக வாசனை எழும். காய்ச்சிய கருப்பட்டிப் பாகின் ஆழம் அதில் உண்டு, புகைவாடை மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் பல ஆண்டுகள் பழுப்புக் கற்கண்டுக் கட்டிகளை வாங்கிப் போட்டு, ஏன் அந்த ருசி வரவில்லை என்று குழம்பினார்கள். மடங்களில் பயன்படுவது கட்டி அல்ல, பாகு என்பது 2005-இல் ஸ்டான் ஹியரோனிமஸ் மடத்துப் பீர்களைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகே பரவலாகத் தெரிந்தது.

சர்க்கரை சேர்ப்பதை மட்டமான வேலை என்று ஜெர்மானியப் பாரம்பரியம் நினைக்கும். இந்தப் பீரில் அதுதான் சூட்சுமம். மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரைகளில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது பீரில் தங்கி உடலைக் கனமாக்கும். சேர்க்கும் சர்க்கரையின் பெரும்பகுதியை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். அதனால் 11 சதவீதத்திலும் பீர் பாயசம்போல் நாக்கில் ஒட்டாது. இதே வீரியத்தில் இங்கிலாந்தின் பார்லி ஒயினைக் குடித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: அதில் இரண்டாவது கோப்பைக்கு மனம் போகாது. ரோஷ்ஃபோரில் போகும், அதுதான் ஆபத்து.

மிச்ச வேலை, குறிப்பாகக் கிராம்பு வாசனை, ஈஸ்ட்டினுடையது. பெரும்பாலான பீர் ஈஸ்ட்டுகளுக்குக் கிராம்பு வாசனை உண்டாக்கத் தெரியாது, தெரிந்திருந்தது, மறந்துவிட்டன. தானியத்தின் உமியிலும் செல்சுவரிலும் உள்ள ஃபெருலிக் அமிலத்தை உடைத்து, 4-வினைல் குவையகோல் என்ற பொருளாக்கும் மரபணுக்கள் காட்டு ஈஸ்ட்டில் வேலை செய்கின்றன. மனிதர் நூற்றாண்டுகளாகக் கொப்பரைக்குக் கொப்பரை மாற்றி வளர்த்த ஈஸ்ட்டுகளில் அந்த மரபணுக்கள் பழுதுபட்டுப்போனதை, 157 ரகங்களின் மரபணுத் தொகுதியைப் படித்த லூவன் ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். கிராம்பு நெடி பலருக்கும் பிடிக்கவில்லை, அதனால் அது விலக்கப்பட்டது என்பது விளக்கம். ஜெர்மனியின் கோதுமைப் பீர் ஈஸ்ட்டிலும் பெல்ஜியத்தின் சில ரகங்களிலும் அந்தத் திறன் தப்பிப் பிழைத்திருக்கிறது. வளர்ப்புப் பிராணிகளில் முழுவதும் பழகாத சில இந்த மடங்களில் அடைக்கலம் புகுந்தன போலும்.

ஈஸ்ட் எந்த வெப்பநிலையில் வேலை செய்கிறது என்பதும் ருசியைத் தீர்மானிக்கும். சூடு ஏற ஏற எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருள்கள் பெருகும்: ஐசோஅமைல் அசிடேட் என்றால் வாழைப்பழம், எத்தில் ஹெக்சனோயேட் என்றால் ஆப்பிளும் சோம்பும். வெஸ்ட்ஃப்ளெட்டரனில் 28, 29 டிகிரி செல்சியஸ் வரை ஏறவிடுகிறார்கள். ரோஷ்ஃபோரில் 23 டிகிரிவாக்கில் நிறுத்தி, பழவாசனையை அடக்கி வாசிக்கிறார்கள். காய்ச்சும்போது கொஞ்சம் கொத்தமல்லி விதையும் சேர்க்கிறார்கள். தனியாகத் தெரியாது, ஆரஞ்சுத்தோல் வாசனையாக எங்கோ ஓரத்தில் நிற்கும். தண்ணீர் ட்ரிடேன் என்ற ஊற்றிலிருந்து வருகிறது. சுண்ணாம்புப் பாறையில் வடிந்த கடினநீர். பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஆழப்படுத்தினால் அந்த ஊற்று கெடும் என்று மடம் வழக்குமன்றம் வரை போனது.

பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் மீண்டும் சேர்க்கப்படும். மூடிக்குள் இரண்டாம் முறை நொதித்து வாயு உண்டாகும். அடியில் மெல்லிய வண்டல் படியும். ஊற்றும் முறை இதனால் முக்கியமாகிறது. பாட்டிலை நிற்கவைத்தே இருக்க வேண்டும், குலுக்கக் கூடாது. வாயகன்ற, காலுள்ள கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழையாக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி சாய்த்தால் வண்டல் கலங்கிவிடும். கடைசி விரற்கடை பாட்டிலிலேயே நிற்கட்டும். அதைத் தனியாக ஒரு சிறு கிளாசில் ஊற்றிக் குடிப்பவர்களும் உண்டு. ரொட்டி மாவு ருசி.

ரோஷ்ஃபோர் பத்தைப் பார்த்தால் முதலில் கறுப்பு. விளக்குக்கு நேரே தூக்கினால் ஓரத்தில் செம்பழுப்பு. நுரை, பால் கலந்த காபியின் நிறம். முதலில் பொங்கி, சீக்கிரம் அடங்கி, கோப்பைச் சுவரில் வளையமாக நிற்கும். ஐந்து டிகிரியில் மூக்கை வைத்தால் ஏதும் தெரியாது, ஆல்கஹாலின் கூர்மை ஒன்றைத் தவிர. வாசனைப் பொருள்கள் ஆவியாகி மேலெழ வெப்பம் வேண்டும். 12-இலிருந்து 14 டிகிரிவரை இதற்கு ஏற்றது. அந்த நிலையில் முதலில் வருவது அத்திப்பழமும் உலர்திராட்சையும். பின்னால் ஊறின பிளம். அதற்கும் பின்னால், பீரில் ஒரு துளியும் சேர்க்கப்படாத கருஞ்சாக்லேட். கிராம்பு இருக்கிறது, தேடினால்தான் அகப்படும்.

வாயில் வைத்தவுடன் குமிழிகள். இந்தச் சுரீரென்ற உணர்வைத் தொடு உணர்ச்சி என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். நாக்கில் புளிப்பை உணரும் அதே செல்கள் ஒரு நொதியின் துணையோடு கரியமில வாயுவையும் ருசியாக உணர்கின்றன என்று 2009-இல் எலிகளில் காட்டப்பட்டது. குமிழிகள் அடங்கும்போது இனிப்பு பரவும், ஆனால் இறங்காமல் நிற்காது. ஹாப்ஸ் பூவின் கசப்பு அடியிலிருந்து வந்து அதைத் துடைத்துவிடும். விழுங்கியபின் தொண்டையிலும் நெஞ்சிலும் ஒரு சூடு. மிளகாயின் காரத்தை நமக்குச் சொல்லும் டிஆர்பிவி-1 என்ற உணர்வேற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. சூட்டுக்கு அந்த உணர்வேற்பி எளிதில் துடிக்கும்படி செய்துவிடுகிறது. உடம்பின் சாதாரண வெப்பமே எரிச்சலாகத் தெரிவது அதனால்தான். இந்த எரிச்சல் துருத்திக்கொண்டு நிற்காமல் பழவாசனைக்குள் மறைந்திருக்கிறதா என்பதை வைத்தே இந்த வகைப் பீரின் தரத்தை நான் பார்க்கிறேன். புதிதாக அடைத்த பத்தில் அது கொஞ்சம் துருத்தும். ஓராண்டு தாண்டியதில் அடங்கியிருக்கும்.

விழுங்கியபின் மூச்சை மூக்குவழி விடும்போதுதான் பாதி ருசி கிடைக்கும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில மட்டுமே. அத்தி, பிளம், சாக்லேட் எல்லாம் தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறிப்போய் அடையாளம் பெறுகின்றன. சளிபிடித்தவருக்கு இந்தப் பீர் வெறும் கசந்த சர்க்கரைத் தண்ணீர்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் வைக்க வேண்டும். அத்தி, திராட்சை, சாக்லேட் என்றெல்லாம் அடுக்கினேனே, அவை கோப்பையில் இருந்தவையா, கண் சொன்னவையா? பிரான்சின் போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2001-இல் வெளியான இந்த ஆய்வு ருசிபார்ப்பவர்களின் தன்னம்பிக்கையில் விழுந்த அடி. கருநிறத் திரவத்தைப் பார்த்த கண்ணுக்குக் கருநிறப் பழங்களே நினைவுக்கு வரும். உள்ளிருப்பது தெரியாத மட்பாண்டக் கோப்பையில் வெளிர்நிற டிரிப்பெல்லையும் இதையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. வாழைப்பழமும் கிராம்பும் இரண்டிலும் இருப்பது அப்போது சட்டென்று தெரியும். அத்திப்பழம் கருநிறப் பீரில் மட்டும் எஞ்சினால், அது சர்க்கரைப் பாகு தந்ததுதான் என்று ஓரளவு நம்பலாம்.

கண்ணையும் பெயரையும் ஒதுக்கி வேதிப்பொருள்களிலிருந்தே ருசியைக் கணிக்க முடியுமா என்று ஈஸ்ட் மரபணுக்களைப் படித்த லூவனின் அதே ஆய்வுக்கூடம் முயன்றது. 250 பெல்ஜியப் பீர்கள்; ஒவ்வொன்றிலும் 200-க்கும் மேற்பட்ட அளவீடுகள்; பயிற்சி பெற்ற 16 பேரின் ருசிக்குறிப்புகள்; பொதுமக்கள் எழுதிய 1,80,000-க்கும் மேற்பட்ட விமர்சனங்கள். இவற்றைக் கொண்டு கணினிக்குக் கற்பித்த முறை 2024-இல் வெளியானது. அது சுட்டிய பொருள்களைக் கடைப் பீர் ஒன்றில் சேர்த்தபோது குழுவினருக்கு அது மேலும் பிடித்தது. மடத்துப் பீர் என்ற பெயரில்லாமலும் ருசிக்கு விளக்கம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பழமை இந்தப் பீருக்குத் தேவை என்று சொல்பவர்கள் வேறொரு பொருளில் சரியாகச் சொல்கிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே இது மாறிக்கொண்டிருக்கிறது. வாழைப்பழ எஸ்டர் மெல்ல உடைந்து குறையும். உள்ளே நுழைந்த துளி ஆக்சிஜன் மெல்ல வேலை செய்யும். வெளிர் லாகரில் அதன் விளைவு ஈர அட்டைப்பெட்டி நாற்றம்; கருநிற வீரியப் பீரில் ஷெர்ரி, மடேரா ஒயின்களின் வாசனை. இந்த வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று சோட்டோலோன். லூவன்-லா-நெவ்வில் ஆய்வாளர் சோனியா கோலனின் குழு பழமையடைந்த பெல்ஜியப் பீர்களில் அதை அளந்திருக்கிறது. தமிழருக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெந்தயத்தின் வாசனை என்று நாம் அறிவது பெரும்பாலும் இதுதான். நிறைய வெந்தயம் சாப்பிட்டவரின் வியர்வையில் மறுநாள் அடிப்பதும் இதுவே. லிட்டரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஐரோப்பிய ருசி வல்லுநர்கள் மேப்பிள் பாகு, கறிமசாலா, வாதுமை என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லும் இடத்தில், சாம்பாருக்கு வெந்தயம் வறுத்துப் பழகிய மூக்குக்கு ஒரே சொல் போதும்.

எவ்வளவு காலம் வைக்கலாம்? என் கணிப்பில் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. பத்தாண்டு, இருபதாண்டு என்று நிலவறையில் பூட்டிவைத்துத் திறப்பவர்களின் பரவசத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. செத்த ஈஸ்ட் கரைந்து சோயா சாஸ் ருசி ஏறிய பீரை அவர்கள் மரியாதைக்காகவே புகழ்கிறார்கள்.

அப்படியானால் டிராப்பிஸ்ட் என்ற சொல்லுக்கு ருசியில் பொருள் இல்லையா? இல்லை என்றே சொல்வேன். அது ஒரு பீர் வகையின் பெயரே அல்ல. உடைமையையும் மேற்பார்வையையும் குறிக்கும் பெயர். 1962-இல் கெண்ட் வணிக நீதிமன்றம், துறவிகளோடு சம்பந்தமில்லாதவர்கள் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1997-இல் மடங்கள் சங்கம் அமைத்து, அறுகோண முத்திரை ஒன்றை உருவாக்கின. மடத்தின் சுவர்களுக்குள்ளோ ஒட்டியோ காய்ச்ச வேண்டும். துறவிகள் காய்ச்ச வேண்டும் அல்லது மேற்பார்க்க வேண்டும். வருமானம் மடத்தின் வாழ்க்கைக்கும் பராமரிப்புக்கும் போக மிச்சம் தருமத்துக்குச் செல்ல வேண்டும். பாட்டிலில் அடைப்பது எங்கே என்பது இதில் வராது. ஷிமே பீர் மடத்தில் காய்ச்சப்பட்டு, லாரியில் பக்கத்து ஊரான பைலேயுக்குப் போய் அங்கே அடைபடுகிறது.

நாக்கை நம்புகிறவர்களைத் திணறடிக்க வாட்டூ என்ற ஊரின் கதை போதும். போருக்குப் பின் விற்பனையிலிருந்து ஒதுங்க விரும்பிய வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடம், 1946-இல் அருகிலிருந்த வாட்டூவின் சேன்ட் பெர்னார்டஸ் நிறுவனத்துக்குத் தன் பெயரில் காய்ச்ச உரிமம் கொடுத்தது. 1992-இல் உரிமம் முடிந்தது. நிறுவனம் தன் பீரைத் தன் பெயரிலேயே தொடர்ந்தது. பழைய மடத்து ஈஸ்ட்டின் வழித்தோன்றல் தன்னிடமே இருப்பதாகச் சொல்கிறது. மடமோ இப்போது வெஸ்ட்மால்லேயிலிருந்து ஈஸ்ட் தருவிக்கிறது. ஒன்று கடையில் தாராளமாகக் கிடைக்கும். மற்றதற்கு நெடுங்காலம் லேபிளே கிடையாது. முன்பதிவு செய்து, வண்டி எண்ணைச் சொல்லி, மடத்து வாசலில் போய் வாங்க வேண்டியிருந்தது. 2005-இல் உலகின் சிறந்த பீர் என்று பெயர்பெற்றபின் அந்த வாசலில் கார்கள் நெடுந்தூரம் நின்றன. 2018-இல் டச்சு சூப்பர்மார்க்கெட் ஒன்று அதைப் பாட்டிலுக்குப் பத்து யூரோ அளவில் விற்றபோது மடம் வெளிப்படையாக வருத்தப்பட்டது; தாங்கள் வைத்த விலையைப்போல் அது பல மடங்கு. தேவை இவ்வளவு இருந்தும் உற்பத்தியைக் கூட்ட அவர்கள் மறுக்கிறார்கள். வாழ்வதற்காகக் காய்ச்சுகிறோம், காய்ச்சுவதற்காக வாழவில்லை என்பது அவர்கள் நிலை. இரண்டையும் மறைத்துவைத்து ஊற்றிக் கொடுத்தால் தேர்ந்த நாக்குகளும் தடுமாறும். தடுமாறாதது கணக்குப் புத்தகம்: யார் பணம் யாருக்குப் போகிறது என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. எனக்கு இந்த வேறுபாடு ரகசியக் குறிப்புக் கதைகளைவிட மதிப்பானதாகத் தெரிகிறது. அது கோப்பைக்குள் இருப்பதாக நடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆகெல் மடத்தில் இந்த வேறுபாடு கண்முன்னே தெரிந்தது. 2021 ஜனவரியில் அங்கே எஞ்சியிருந்த துறவிகள் வெளியேறி வெஸ்ட்மால்லேக்குப் போனார்கள். அதே கொப்பரை, அதே செய்முறை, அதே ஊழியர்கள். ஆனால் அறுகோண முத்திரை பறிபோனது. 2023-இல் மடத்து வளாகம் தனியாருக்கு விற்கப்பட்டது. ஆஸ்திரியாவின் எங்கெல்செல் மடமும் அதே ஆண்டு மூடப்பட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பென்சர் மடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே துறவிகள் இருந்தார்கள், புத்தம்புதிய பீர்ச்சாலை இருந்தது, முத்திரையும் இருந்தது. வாங்க ஆள் போதவில்லை. 2022-இல் இந்தத் தொழில் தங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அறிவித்துவிட்டு, காய்ச்சுவதை நிறுத்திக்கொண்டார்கள்.